ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவோருக்கு: 1855க்கு முந்தைய தேவாலயப் பதிவேடுகளைப் படிக்கும் முறை

ஸ்காட்லாந்தில் தங்கள் வேரைத் தேடிப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரு தேதியில் வந்து நிற்பார்கள்: 1855 ஜனவரி 1. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கிய நாள் அது. அந்த நாளுக்குப் பிந்தைய பதிவுகள் அச்சிட்ட படிவங்களில், கேள்விக்குப் பதிலாக நிரப்பப்பட்டவை. பொறுமை கொஞ்சம் இருந்தால் போதும், யாரும் படித்துவிடலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு ஊர்த் தேவாலயத்தின் பதிவேடுதான் சாட்சி. அதில் படிவம் கிடையாது, ஒரே சீரான எழுத்தும் கிடையாது. ஒருவர் நான்கு வரி எழுதுவார், அடுத்தவர் அரை வரியோடு முடித்துவிடுவார்.

இவற்றைப் பழைய பாரிஷ் பதிவேடுகள் என்கிறார்கள். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்களின் தொகுப்பே பாரிஷ். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரைச் சேர்ந்த எரோல் பாரிஷின் பதிவேடு. அது 1553இல் தொடங்குகிறது. அங்கிருந்து 1854 வரை, ஏறத்தாழ 900 பாரிஷ்களின் சுமார் 3,500 பதிவேடுகள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் படங்களை 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தளம் காட்டும் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அந்தப் பட்டியல், பழைய கையெழுத்தைப் பார்த்து வேறொருவர் பிற்காலத்தில் தட்டச்சு செய்தது. உங்கள் மூதாதையர் இருப்பது பதிவேட்டின் பக்கத்தில். அந்தப் பக்கத்தைத் திறந்து, முழுவதையும் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்தத் தேடலின் பெரும்பகுதி.

முதல் படி: தெரிந்ததிலிருந்து பின்னோக்கி

எடுத்த எடுப்பில் 1700களுக்குத் தாவ வேண்டாம். ஜான் கேம்பெல் என்ற பெயரில் ஆர்கைல் பகுதியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள பைபிளின் முன்பக்கக் குறிப்புகள், கடிதங்கள், கல்லறை வாசகங்கள் ஆகியவற்றில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக 1855 வரை இறங்கி வாருங்கள்.

இங்கே ஸ்காட்லாந்து பெரிய உதவி செய்கிறது. அந்நாட்டு இறப்புச் சான்றில் இறந்தவரின் தந்தை பெயரும் தாய் பெயரும் இருக்கும். தாயின் பெயர் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு இருக்கும். 1870இல் எண்பது வயதில் இறந்த ஒரு மூதாட்டியின் சான்று, 1790க்கு முன்பே மணம் முடித்த அவருடைய பெற்றோரின் பெயர்களை உங்கள் கையில் கொடுத்துவிடும். இருந்தாலும் அந்தத் தகவலைச் சொன்னவர் மகனாகவோ மருமகளாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ இருப்பார் என்பதை மறக்கக் கூடாது. பாட்டியின் தாய் பெயர் மருமகளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி? எனவே அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 1855ஆம் ஆண்டிலேயே பிறப்போ இறப்போ நேர்ந்திருந்தால் அந்தச் சான்றை முதலில் வாங்குங்கள். அந்த ஓராண்டில் மட்டும் படிவம் மிக விரிவாக இருந்தது. பிறப்புச் சான்றில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், அவர்கள் எங்கே எப்போது மணந்தார்கள் என்பது வரை கேட்டார்கள். எழுதி மாளவில்லை என்பதால் அடுத்த ஆண்டே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். அந்தச் சான்று உங்கள் நேர்மூதாதையருடையதாக இல்லாமல் அவருடைய தம்பி தங்கையுடையதாக இருந்தாலும் பெற்றோர் ஒன்றுதானே.

இரண்டாம் படி: எந்தப் பாரிஷ்?

பாரிஷ் தெரியாமல் பழைய பதிவேட்டில் இறங்குவது வீண் வேலை. அதைச் சொல்லும் ஆவணம் 1851ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு. ஒவ்வொருவரும் பிறந்த பாரிஷ் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய 1841 கணக்கில் அந்த மாவட்டத்திலேயே பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான் உண்டு. அதோடு, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 1841இல் 35 என்று இருந்தால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே 1851ஐக் கையில் எடுத்துக்கொண்டு, 1841ஐத் துணைக்கு வையுங்கள்.

பாரிஷ் தெரிந்ததும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, அதன் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது, இடையில் எந்த ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன என்று பாருங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் இது தனித்தனியாக இருக்கும். தெற்குத் தாழ்நிலப் பகுதிகளில் 1600களிலேயே தொடங்கிய பதிவேடுகள் பல உண்டு. வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் 1700களின் பிற்பகுதி, சில இடங்களில் 1800களே ஆகிவிடும். தென்னிந்திய ஊர்களின் ஓலைகளையும் கைபீதுகள் என்ற ஊர் வரலாற்றுக் குறிப்புகளையும் கல்வெட்டுப் படிகளையும் வாழ்நாள் முழுவதும் திரட்டிய காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் 1754ஐ ஒட்டிப் பிறந்தவர். அந்த ஊரின் பதிவேடோ 1760களில்தான் தொடங்குகிறது. நம் ஊர்களின் நினைவைக் காத்துக் கொடுத்தவருக்குச் சொந்த ஊர்ப் பதிவேட்டில் ஒரு பிறப்பு வரி இல்லை. இப்படிப்பட்ட இடைவெளியை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், இல்லாத பதிவைத் தேடிப் பணத்தையும் மாலைப்பொழுதுகளையும் செலவழிக்க வேண்டியிருக்காது.

இரண்டாவது காரியம் நிலப்படம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய நிலப்படங்களை இலவசமாகவே தளத்தில் வைத்திருக்கிறது. உங்கள் பாரிஷின் படத்தைத் திறந்து, அதிலுள்ள பண்ணைகள், குக்கிராமங்கள், ஆலைகள் ஆகியவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையெழுத்தைப் படிக்கும்போது இந்தத் தாள் அகராதியைவிட அதிகம் பயன்படும். பாதி எழுத்து புரியாத ஊர்ப் பெயர், பட்டியலில் உள்ள ஒரு பண்ணையோடு சட்டென்று பொருந்திவிடும். பக்கத்துப் பாரிஷ்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லையில் இருந்த குடும்பங்கள் நடக்க வசதியான தேவாலயத்துக்குத்தான் போயின.

மூன்றாம் படி: பட்டியலில் தேடுவது

ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் பதிவு செய்துகொண்டால் பெயர்ப் பட்டியலில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்க வேண்டும். வாங்கிய படம் உங்கள் கணக்கிலேயே இருக்கும், மறுபடி பார்க்க மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஃபேமிலிசர்ச் தளத்திலும் இதே ஞானஸ்நானப் பதிவுகளுக்கு இலவசப் பட்டியல் உண்டு. அங்கே பயனர்கள் தாங்களே சேர்த்த குடும்ப மரங்களும் கலந்திருப்பதால், எது பதிவேட்டிலிருந்து வந்தது, எது யாரோ ஊகித்தது என்று பிரித்துப் பாருங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் குடும்பமே பர்னஸ் என்றும் பர்ன்ஸ் என்றும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வருகிறது. 'மேக்' என்று தொடங்கும் பெயர்களை மூன்று விதமாகவாவது தேட வேண்டும். தளத்தில் ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் வசதி உண்டு. சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறியும் போடலாம்.

முதற்பெயர்களிலும் மாற்று உண்டு. இதைத் தெரியாதவர்கள் கையில் இருக்கும் ஆளையே தவறவிடுகிறார்கள். ஜீன், ஜேன், ஜேனட், ஜெஸ்ஸி ஆகியவை ஒரே பெண்ணுக்கு வரலாம். எலிசபெத்தும் இசபெல்லும் அப்படியே. பீட்டரும் பேட்ரிக்கும் ஒருவராக இருக்கலாம். கேலிக் மொழி பேசிய பகுதிகளில் டொனால்டு என்பவர் டேனியல் ஆவார், ஹியூ என்பவர் யூவன் ஆவார், மேரியன் என்பவர் சாரா ஆவார். வீட்டில் கேலிக்கில் அழைத்த பெயரைப் போதகர் ஆங்கிலத்தில் எழுதும்போது தமக்குத் தோன்றியதைப் போட்டார். அடுத்த போதகர் வேறொன்றைப் போட்டார்.

ஒரு குழந்தையை மட்டும் தேடாதீர்கள். தாய், தந்தை இருவர் பெயரையும் கொடுத்து, குழந்தையின் பெயரை விட்டுவிட்டுத் தேடினால் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதால் இது நடக்கிறது. தந்தை பெயர் மட்டும் இருக்கும் பாரிஷ்களில் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது ஊர்ப் பெயரையும் சாட்சிகளையும் வைத்துத்தான் ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு பதிவை உடைத்துப் பார்ப்போம்

ராபர்ட் பர்ன்ஸின் ஞானஸ்நானப் பதிவு ஏர் பாரிஷில் இருக்கிறது. அதன் சாரம் இது: ராபர்ட் பர்ன்ஸ், அலோவேயில் உள்ள வில்லியம் பர்ன்ஸுக்கும் அவருடைய மனைவி அக்னஸ் பிரவுனுக்கும் முறைப்படி பிறந்த மகன், 1759 ஜனவரி 25 அன்று பிறந்தார், ஞானஸ்நானம் கொடுத்தவர் போதகர் வில்லியம் டால்ரிம்பிள், சாட்சிகள் ஜான் டெனன்ட், ஜேம்ஸ் யங்.

மூன்றே வரிதான். அதற்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 'முறைப்படி பிறந்த மகன்' என்றால் பெற்றோர் மணமானவர்கள் என்று சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் 'இயற்கை மகன்' என்று இருந்தால் மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை. அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். அடுத்தது 'அலோவேயில்' என்பது. ஸ்காட்லாந்து வழக்கில் ஓர் ஊரில் 'உள்ள' (ஆங்கிலத்தில் 'in') ஒருவர் குத்தகைதாரராகவோ குடியிருப்பவராகவோ இருப்பார். அந்த ஊர் 'உடைய' (ஆங்கிலத்தில் 'of') என்று எழுதினால் நிலத்துக்குச் சொந்தக்காரர். இரண்டு எழுத்துச் சொல் ஒன்று மாறினாலே குடும்பத்தின் நிலை மாறிவிடுகிறது. நில உரிமையாளர் என்றால் நில ஆவணங்களிலும் அவர் வருவார். அக்னஸ் தம் சொந்தக் குடும்பப் பெயரோடு பிரவுன் என்றே இருக்கிறார், மணமானதால் அது மறையவில்லை. சாட்சிகளைச் சும்மா கடந்துவிடாதீர்கள். பல குடும்பங்களில் அவர்கள் அத்தை, மாமா, தாத்தா, பக்கத்துப் பண்ணைக்காரர் என்று நெருங்கியவர்களாக இருப்பார்கள். ஒரே தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் சாட்சிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் உறவு வட்டம் தெரியத் தொடங்கும்.

பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் வேறு. சில எழுத்தர்கள் இரண்டையும் எழுதினார்கள், பலர் ஒன்றை மட்டும் எழுதினார்கள். உங்கள் குறிப்பில் எது எது என்று தெளிவாக எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: கையெழுத்து

பலர் கைவிட்டுப் போகும் இடம் இது. ஆனால் பழக்கத்தால் வந்துவிடும் வித்தை. யாருக்கும் முதல் பக்கம் புரியாது, அதே எழுத்தரின் அடுத்த பக்கங்கள் புரியத் தொடங்கும்.

பதிவேட்டை எழுதியவர் சபையின் எழுத்தர். பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியரே அந்த வேலையையும் பார்த்தார். ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் அதே பதிவேட்டை எழுதியிருப்பார். ஆகையால் ஒரு பக்கத்தில் நீங்கள் கற்றுக்கொள்வது அடுத்த நூறு பக்கங்களுக்கு உதவும். முதலில் உங்கள் மூதாதையரின் வரிக்குப் போகாதீர்கள். அதே பக்கத்தில் மிகத் தெளிவான பதிவு எது என்று தேடுங்கள். மாதப் பெயர், 'ஞானஸ்நானம்', 'முறைப்படி பிறந்த மகள்', 'மனைவி', 'சாட்சிகள்' ஆகிய சொற்கள் எல்லாப் பதிவிலும் திரும்பத் திரும்ப வரும். என்ன சொல் என்று உறுதியாகத் தெரிந்த இந்தச் சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, ஒரு தாளில் ஏ முதல் இசட் வரை கட்டம் போட்டு, அந்த எழுத்தர் ஒவ்வோர் எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று பார்த்து வரையுங்கள். தலைப்பெழுத்துகளுக்குத் தனிக் கட்டம் வேண்டும். பெயர்கள் தொடங்குவது அவற்றில்தான், குழப்பமும் அங்கேதான் அதிகம். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் வரைந்தால் பேனா எந்தத் திசையில் போயிருக்கிறது என்பது புரியும். அது புரிந்தால் எழுத்து பிடிபட்டுவிடும்.

1700களின் எழுத்து இன்றைய சாய்வெழுத்துக்கு நெருங்கியது. அங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நீண்ட எஸ். சொல்லின் நடுவில் வரும் எஸ், குறுக்குக்கோடு இல்லாத எஃப் போல நீண்டிருக்கும். இரட்டை எஸ் வந்தால் முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. சேர்த்துப் பார்த்தால் பி எழுத்தைப் போலத் தோன்றும். ராஸ் என்ற குடும்பப் பெயர் பட்டியலில் 'ரோப்' என்று ஏறியிருந்தால் காரணம் இதுதான். அடுத்தது, ஐ, என், எம், யு ஆகியவை ஒரே மாதிரிச் சிறு கோடுகளாக வருவது. அங்கே எழுத்தைப் பார்க்காதீர்கள், கோடுகளை எண்ணுங்கள்.

1600களுக்குப் போனால் செக்ரடரி எழுத்து என்ற பழைய பாணி வரும். அதில் எச் எழுத்தின் உடல் சுருங்கி, வால் மட்டும் வரிக்குக் கீழே சுழித்து இறங்கும். இ எழுத்து திருப்பிப் போட்டதுபோல் இருக்கும். சி எழுத்தை டி என்று படித்துவிடுவோம். யு, வி, டபிள்யூ மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். வில்லியம் என்ற பெயரை வி எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். ஐயும் ஜேயும் அப்படியே. ஒய் எழுத்து பல இடங்களில் 'த' ஒலியைக் குறிக்கிறது. இசட் எழுத்து சில சொற்களில் 'ய' ஒலிக்கு நிற்கிறது. மென்சீஸ் என்று எழுதும் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தில் மிங்கிஸ் என்று உச்சரிப்பதற்கும் அந்தப் பழைய எழுத்துதான் காரணம். ஆயிரத்தைக் குறிக்கும் சுருக்கம், ஜே, ஏ, ஜே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்ததுபோல் இருக்கும். அதைப் பெயர் என்று நினைத்துத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அது ஆண்டின் தொடக்கம்.

சுருக்கங்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. காகிதம் விலை அதிகம், எழுத்தருக்கு நேரம் குறைவு. ஜேம்ஸ், வில்லியம், அலெக்சாண்டர், மார்கரெட் ஆகிய பெயர்களின் முதல் சில எழுத்துகளை எழுதி, கடைசி எழுத்தைச் சிறிதாக மேலே தூக்கிப் போடுவார்கள். ஏழு என்ற எண்ணோடு மூன்று எழுத்து சேர்ந்து வந்தால் அது செப்டம்பர். ஜூலை என்று குறித்துவிடாதீர்கள். எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், பத்து டிசம்பர். லத்தீன் எண் பெயர்களிலிருந்து வந்த வழக்கம் இது.

எழுத்துப்பெயர்ப்பு செய்யும்போது, தெரிந்த எழுத்தை மட்டும் எழுதி, தெரியாததற்குப் புள்ளி வையுங்கள். ஊகத்தை உள்ளே நுழைத்துவிட்டால் பிறகு அது உண்மைபோல உட்கார்ந்துகொள்ளும். பழைய ஸ்காட்ஸ் மொழிச் சொற்களுக்கு ஸ்காட்ஸ் மொழி அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. இறந்துபோனவரைக் குறிக்கும் சொல், விதவையைக் குறிக்கும் சொல், நெசவாளர், செருப்புத் தைப்பவர், ரொட்டி சுடுபவர் என்று தொழில்களுக்கான பழஞ்சொற்கள் எல்லாம் அதில் கிடைக்கும்.

தேதியில் ஒரு சிறு எச்சரிக்கை

இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஸ்காட்லாந்து 1600ஆம் ஆண்டிலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. எனவே 1600க்குப் பிந்தைய ஸ்காட்லாந்துப் பதிவில் பிப்ரவரி 1690 என்று இருந்தால் அது 1690தான். ஆங்கிலேய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஓர் ஆண்டைக் கூட்டிவிடாதீர்கள்.

திருமணப் பதிவு எதைச் சொல்கிறது

பாரிஷ் பதிவேட்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் திருமண ஓலை வாசித்த பதிவு. நம் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் மூன்று முறை ஓலை வாசிப்பதுபோல அங்கேயும் வாசித்தார்கள். மணமகனும் மணமகளும் வெவ்வேறு பாரிஷ் என்றால் இரண்டிலும் வாசிக்க வேண்டும். ஆகவே ஒரே திருமணத்துக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பதிவுகள், தேதிகளும் சற்றே வேறாக இருக்கும். இரண்டையும் வாங்குங்கள். ஒன்றில் இல்லாத தந்தை பெயரோ தொழிலோ மற்றொன்றில் இருக்கும். ஓலை வாசித்த நாளைத் திருமண நாள் என்று எழுதிவிடக் கூடாது. வாசித்த பிறகு மணம் நடக்காமலும் போயிருக்கலாம்.

எந்தத் தேவாலயத்திலும் பதிவில்லாத திருமணங்களும் நிறைய. இருவரும் மனமொத்துக் கணவன் மனைவி என்று அறிவித்துக்கொண்டாலே ஸ்காட்லாந்துச் சட்டம் அதை ஏற்றது. இந்த நிலை 1940 வரை நீடித்தது. சபைக்கு அது பிடிக்கவில்லை என்பதால், அழைத்து விசாரித்து, கண்டித்து, தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தது.

அடக்கப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல பாரிஷ்களில் அவை கிடையவே கிடையாது. இருக்கும் இடங்களில், சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணிக்குச் சபை வாங்கிய வாடகைக் கணக்காகவே பெரும்பாலும் இருக்கும். பெயரும் தொகையும்தான் அதில் உண்டு.

பெயர் வைக்கும் வரிசை

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு வரிசையே இருந்தது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா, இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா, மூன்றாம் மகனுக்குத் தந்தை. மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி, மூன்றாம் மகளுக்குத் தாய்.

பர்ன்ஸ் குடும்பத்திலேயே பார்ப்போம். மூத்தவர் ராபர்ட், தந்தைவழித் தாத்தா ராபர்ட் பர்னஸ். இரண்டாவது கில்பர்ட், தாயின் தந்தை கில்பர்ட் பிரவுன். மூத்த மகள் அக்னஸ். தாயின் தாய் அக்னஸ் ரென்னி. மூன்றாம் மகன் தந்தையின் பெயரோடு வில்லியம். இவ்வளவும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இரண்டாம் மகள் அனபெல்லா. தந்தைவழிப் பாட்டி இசபெல்லாவின் பெயர் கடைசி மகளுக்குத்தான் வந்தது. வரிசை இப்படி எங்காவது ஓரிடத்தில் விலகத்தான் செய்யும். ஆகவே, பிள்ளைகளின் பெயர்களை வைத்துத் தாத்தா பாட்டியின் பெயரை ஊகிக்கலாம், அந்த ஊகத்தைக் கொண்டு எங்கே தேடுவது என்று முடிவு செய்யலாம். ஆதாரமாக எழுதி வைக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள் வந்தால், முதல் குழந்தை இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அடக்கப் பதிவு இல்லாத ஊரில் அந்தச் சிசுவின் மரணத்துக்கு வேறு சாட்சி இருக்காது.

கிடைக்கவில்லையா?

பதிவு செய்யக் காசு வேண்டும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் அரசு வரியும் இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு இருந்தபோதும், பலர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டுப் பதியாமல் விட்டார்கள். அந்த ஆண்டுகளில் உங்கள் குடும்பத்தில் ஒரு குழந்தை விடுபட்டிருந்தால் வியப்பில்லை. மறுபக்கம், அரசுப் பதிவு வரப்போகிறது என்றதும் 1854இல் பழைய பிள்ளைகளையெல்லாம் மொத்தமாகப் பதிந்த குடும்பங்களும் உண்டு. எனவே பதிவேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் விடாதீர்கள். சில எழுத்தர்கள் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அனைவரையும் ஒரே பக்கத்தில், மூத்தவர் பிறந்த ஆண்டுக்குக் கீழேயே எழுதினார்கள்.

பாரிஷ் பதிவேடு என்பது ஸ்காட்லாந்து அரசுத் திருச்சபையின் பதிவேடு. 1733இலும் 1761இலும் பிரிவுகள் உண்டாயின. 1843இல் போதகர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறி சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். அவர்களோடு போன குடும்பங்களின் ஞானஸ்நானம் அந்தந்தச் சபையின் பதிவேட்டில் இருக்கும். கத்தோலிக்கப் பதிவேடுகளும் தனி. இரண்டுக்கும் அதே தளத்தில் தனித் தேடல் இருக்கிறது. 'மற்றத் தேவாலயங்கள்' என்ற பகுதியைத் தொடாமல் தேடலை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு மிகப் பிடித்தது சபை மூப்பர் மன்றக் குறிப்பேடுகள். போதகரும் மூப்பர்களும் கூடி ஏழைகளுக்கு உதவி கொடுத்தது, சண்டைகளை விசாரித்தது, மணமாகாமல் கருவுற்ற பெண்ணிடம் தந்தை யார் என்று கேட்டது என்று ஊரின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. பிள்ளையை வளர்க்கும் செலவு சபை நிதியில் விழக் கூடாது என்பதற்காகத் தந்தை பெயரை எப்படியும் வாங்கிவிடுவார்கள். ஞானஸ்நானப் பதிவில் 'இயற்கை மகன்' என்று மட்டும் இருந்தால், அந்தக் குழந்தை பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னும் பின்னும் இந்தக் குறிப்பேட்டைப் படியுங்கள். ஒரு பெண்ணை ஊர் கூட்டி நிறுத்திக் கேட்ட கேள்விகளைப் படிக்க நெஞ்சு கனக்கும்; அவள் சொன்ன பதிலில் உங்கள் மூதாதையரின் பெயர் இருக்கும்.

பர்ன்ஸும் இதில் வருகிறார். 1788 ஆகஸ்ட் 5 அன்று மாக்லின் சபை மன்றத்தின் முன் அவரும் ஜீன் ஆர்மரும் வந்து, முறைமீறி மணந்துகொண்டதை ஒப்புக்கொண்டார்கள். மன்றம் கண்டித்தது, கட்டும் தொகையை அவர் விருப்பத்துக்கே விட்டது. அவர் ஏழைகளுக்காக ஒரு கினி (அக்காலப் பிரிட்டிஷ் பணம்) கொடுத்தார். அவர்களுடைய மணத்துக்கு இந்தக் குறிப்பு எவ்வளவு பெரிய சான்று என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பேடுகளின் படங்கள் 2021 முதல் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்திலேயே இருக்கின்றன, புரட்டிப் பார்க்கக் கட்டணமில்லை. பெயர்ப் பட்டியல் கிடையாது. பாரிஷும் ஆண்டும் தெரிந்துகொண்டு பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். ஐந்தாம் படியில் போட்ட எழுத்துக் கட்டம் இங்கேயும் கைகொடுக்கும். பெரும்பாலும் எழுதியவர் அதே ஆசிரியர்தான். ஊர்விட்டு ஊர் போனவர்கள் கொண்டுவந்த நன்னடத்தைச் சான்றுகளும் இதில் குறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பாரிஷிலிருந்து வந்தார்கள் என்பதை வேறெங்கும் காணாதபோது இதுவே வழி காட்டும்.

சென்னையிலும் இலங்கையிலும் தொடங்கும் தேடல்

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், இலங்கையின் பறங்கியர், தோட்டத்துரைமாரின் வழிவந்தவர்கள் ஆகியோரில் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் தாங்கியவர்கள் பலர் உண்டு. அவர்கள் தேடலை இங்கேயே தொடங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போயின. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821இல் ஸ்காட்லாந்துச் சபையினருக்காகவே எழுந்தது. இங்கே கிடைக்கும் பதிவில் ஸ்காட்லாந்துப் பாரிஷின் பெயர் அரிதாகவே இருக்கும். அதைக் கல்லறை வாசகத்திலோ உயிலிலோ தேடுங்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் 1835இல் கின்கார்டின்ஷயரில் பிறந்து 1852இல் தீவுக்கு வந்தவர். அவர் தலைமுறையில் வந்த எவருடைய பிறப்பையும் பாரிஷ் பதிவேட்டில்தான் தேட வேண்டும், அரசுப் பதிவு அப்போது இல்லை. ஸ்காட்லாந்தில் தங்கிவிட்ட ஓர் அண்ணனோ தங்கையோ 1855க்குப் பின் இறந்திருந்தால், அவருடைய இறப்புச் சான்று பெற்றோர் பெயரைக் கொடுத்துவிடும்.

குறித்துவைக்க வேண்டியவை

ஒவ்வொரு பதிவுக்கும் பாரிஷின் பெயர், தளம் தரும் பாரிஷ் எண், தொகுதி, பக்கம், பார்த்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். எழுத்தர் எழுதியபடியே, அவருடைய எழுத்துக்கூட்டலோடு ஒரு படி. அதற்குக் கீழே உங்கள் விளக்கம். இரண்டையும் கலக்க வேண்டாம். தேடிக் கிடைக்காததையும் எழுதுங்கள்: எந்தப் பாரிஷ், எந்த ஆண்டுகள், எந்தப் பெயர் வடிவங்கள். பின்னால் வரும் உறவினர் ஒருவருக்கு அது மிகவும் பயன்படும்.

ஒரு பெயரில் இரண்டு பேர் கிடைத்தால் இருவரையும் கடைசி வரை பின்தொடருங்கள். ஒருவர் குழந்தையிலேயே இறந்திருப்பார், அல்லது வேறொரு பெண்ணை மணந்து வேறு பண்ணையில் இருப்பார். அப்படி ஒருவரை விலக்கிய பிறகே மற்றவரை உங்கள் குடும்ப மரத்தில் சேருங்கள். பதிவேடு தொடங்கும் ஆண்டையே எட்டிவிட்டீர்கள் என்றால், அடுத்து உயில்களுக்கும், 1617இல் தொடங்கும் நில உரிமைப் பதிவேட்டுக்கும் போகலாம். குத்தகைக்காரராகவோ கூலியாளாகவோ இருந்த குடும்பம் அவற்றில் அரிதாகவே அகப்படும்.